ஆங் சான் சூச்சிக்காகக் காரைக்குடியில் ஏன் பேச வேண்டும்?

பள்ளத்தூரில் ஒரு சாந்திக் கல்யாணம். காலைப் பலகாரம் முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தோம். இலையில் கவுனரிசி வைத்திருந்தார்கள். பேச்சு அந்தக் கறுப்பரிசியில் தொடங்கி, அது வந்த பர்மாவுக்கு, அதாவது இன்றைய மியான்மருக்குப் போய், அங்கிருந்து ராணுவம் பூட்டி வைத்த அந்த நாட்டுத் தலைவர் ஆங் சான் சூச்சியில் வந்து நின்றது. அவரை விடுவிக்கச் சொல்லும் மனு ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் போனில் பார்த்திருக்கிறார். "தம்பி, நம்ம ஐயாக்க சம்பாதிச்ச நெலத்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டு வெறுங்கையோட அனுப்புன ஊரு அது. அந்த அம்மாவுக்கு நீ எதுக்குக் கையெழுத்துப் போடுற? போட்டாத்தான் என்ன ஆகப்போவுது?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நமக்கும் அந்தப் பெண்மணிக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒன்று. எங்கோ பூட்டி வைக்கப்பட்ட ஒருவருக்காக வெளியூர்க்காரர்கள் குரல் கொடுப்பதால் என்ன நடக்கும் என்பது இன்னொன்று. திண்ணைப் பேச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நம் கதை. கடல் கடந்து தொழில் செய்யப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று நம் ஊரில் சொல்வோம். 1852இல் வெள்ளைக்காரர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை கிடைத்தது. ஐராவதி ஆற்றின் டெல்டாவில் காடும் சதுப்பும் நெல் வயலாக மாறத் தொடங்கின. காட்டை வெட்டிக் கழனியாக்க பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. இங்கிலீஷ் பேங்குகள் அவரை வாசலில்கூட நிற்க விடவில்லை. அந்த இடத்தில் போய் நின்றவர்கள் நகரத்தார், அதாவது நம் செட்டிநாட்டுச் செட்டியார்கள். பெட்டியடியில், அதாவது கல்லாப்பெட்டிப் பக்கத்தில், எடுபிடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வருவார். ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) முகல் தெரு முழுக்க நம் ஆட்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகள். 1929-30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, செட்டியார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அது அந்தக் காலத்து 75 கோடி. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிற தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது அந்தக் கணக்குத்தான்.

அடுத்து வருவதைப் பலர் சொல்லாமல் கடந்து போய்விடுகிறார்கள். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை பாதியானது. கடனைக் கட்ட வழியில்லாத விவசாயிகளின் அடமான நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளின் பேருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு, கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். நகரத்தார் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். நிலம் கையில் சிக்கினால் முதல் முடங்கிப்போகும் என்று கவலைப்பட்டு ஊருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். ஆனாலும் தாத்தா காலத்தில் காடு வெட்டித் திருத்திய கழனியில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கத்தால் என்ன ஆறுதல்? நம் வீடுகளில் பர்மா நஷ்டத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் குடியானவனின் நஷ்டத்தைப் பற்றி நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1930இலும் 1938இலும் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் தப்பி ஓடினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் நடந்தே அசாம், மணிப்பூர், அரக்கான் வழியாக வந்தவர்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியது. நம்மவர்களுக்கு உரிய ஈடு வந்து சேரவில்லை. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964க்குள் கடைகள், வங்கிகள், கிட்டங்கிகள் எல்லாம் போயின. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கப்பலேறி வந்தார்கள். துறைமுகத்தில் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று அந்தத் தலைமுறை சொல்லும். காரைக்குடியிலும் திருச்சியிலும் இருக்கிற பர்மா காலனிகளும், சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பர்மா பஜாரும் அப்படி வந்தவர்களால் உருவானவை.

அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். "அந்த ஊரு" அனுப்பவில்லை. நிலத்தை எடுத்தது விடுதலை பெற்ற ஒரு நாட்டின் பாராளுமன்றம். அதற்குக் குடியானவர்கள் பக்கத்தில் நியாயமும் இருந்தது. மளிகைக் கடைக்காரரையும் பெட்டிக்கடைக்காரரையும் தையல்காரரையும் வெறுங்கையோடு கப்பலேற்றியது யாரையும் கேட்காமல் ஆட்சிக்கு வந்த ராணுவம். அதே ராணுவம்தான் 1988இல் தன் நாட்டுப் பிள்ளைகளைத் தெருவில் சுட்டது. அதேதான் 1989இல் சூச்சியைப் பூட்டியது, 2021இல் மறுபடியும் பூட்டியது. நம் ஐயாக்களைத் துரத்தியவர்களும் அவருடைய சிறைக் காவலர்களும் ஒரே அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

இதில் மனதைப் பிசைகிற ஒரு விஷயம், அந்த ராணுவத்தைத் தொடங்கியவரே சூச்சியின் அப்பா. ஜெனரல் ஆங் சான் 1947 ஜூலை 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. அம்மா கின் சீ 1960இல் இந்தியாவுக்குத் தூதராக வந்தார். மகள் டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்து 1964இல் பட்டம் வாங்கினார். பிறகு ஆக்ஸ்போர்டு, மைக்கேல் ஆரிஸுடன் திருமணம், இரண்டு மகன்கள். சிம்லாவில் இருக்கும் உயர் ஆய்வு நிறுவனத்தில் சில காலம் ஆய்வும் செய்தார். 1988இல் படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்க்க ரங்கூன் போனவர், அந்த வருஷ எழுச்சியில் மேடையேறினார். 1989 ஜூலை 20 அன்று வீட்டுக்காவல். நம் ஊரில் வயதில் மூத்த பெண்களை ஆச்சி என்று சொல்வதுபோல அங்கே பேருக்கு முன்னால் "டோ" என்று சேர்த்துச் சொல்வார்கள். சனங்களுக்கு அவர் "டோ சூ" ஆனார். 1990 மே தேர்தலில், அவர் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும்போதே, அவருடைய கட்சி 485 இடங்களில் 392 இடங்களை வென்றது. ராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. அடுத்து 2010 நவம்பர் 13 வரைக்குமான 21 ஆண்டுகளில் சுமார் 15 ஆண்டுகளை அவர் காவலில்தான் கழித்தார்.

இனி இரண்டாவது கேள்வி. வெளியே இருப்பவர்கள் கத்தினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்?

முதலில், உயிர் தங்கும். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 2003 மே 30 அன்று தெப்பாயினில் அவருடைய வண்டிகளை ஒரு கும்பல் தடிகளோடு மறித்துத் தாக்கியது. கூட இருந்த பலர் கொல்லப்பட்டார்கள். அவர் தப்பினார். தப்பியவரைப் பிடித்து, எங்கே வைத்திருக்கிறோம் என்றே சொல்லாமல் ராணுவம் மறைத்தது. உலகம் முழுக்க எழுந்த கூச்சலில், ஜூன் மாதம் ஐ.நா. தூதர் ரசாலி இஸ்மாயிலை உள்ளே விட வேண்டியதாயிற்று. அவர் வெளியே வந்து, பார்த்தேன், காயமில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை ஊர்வலமும் அத்தனை மனுவும். ஒரு கைதியை நாலு பேர் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை, அவரை இல்லாமல் ஆக்குவது காவலில் வைத்திருப்பவனுக்குச் செலவு பிடிக்கிற காரியம். எவரும் கேட்காத கைதியின் நிலைமை அப்படியல்ல.

பரிசுகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1990இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் சகாரோவ் பரிசு, 1991இல் நோபல் அமைதிப் பரிசு. ஆஸ்லோவில் அதை வாங்கியவர்கள் அவருடைய மகன்கள், அலெக்சாண்டரும் கிம்மும். 1993இல் டெஸ்மண்ட் டூட்டு, தலாய் லாமா முதலான நோபல் பரிசாளர்கள் பர்மாவுக்குள் போக முடியாமல் பக்கத்துத் தாய்லாந்தில் கூடி அவர் விடுதலைக்காகப் பேசினார்கள். ஐ.நா.வில் சட்டவிரோதக் காவலை ஆராயும் குழு, இந்தக் காவல் செல்லாது என்று பல முறை தீர்ப்பெழுதியது. இவற்றில் எதுவும் பூட்டைத் திறக்கவில்லை. ஆனால் அவரைக் குற்றவாளி என்று சொல்ல ராணுவம் செய்த ஒவ்வொரு முயற்சியையும் இவை தோற்கடித்தன.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கணவர் மைக்கேல் ஆரிஸ் கடைசியாக அவரைப் பார்த்தது 1995 கிறிஸ்துமஸ் சமயம். புற்றுநோய் வந்த பிறகும் அவருக்கு விசா கிடைக்கவில்லை. சூச்சி வெளிநாடு போகலாம் என்றார்கள். போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று தெரிந்து அவர் போகவில்லை. 1999 மார்ச் 27 அன்று, தம் 53ஆவது பிறந்த நாளில், ஆரிஸ் இறந்தார். புருஷன் கடல் கடந்து போய் மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்த ஆச்சிகளின் ஊர் இது. அந்தப் பிரிவு என்னவென்று இங்கே ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பணம். இந்தப் பகுதி நம் ஊருக்கு நன்றாகவே புரியும். ஒரு ராணுவ ஆட்சியை வார்த்தையால் அசைப்பது கஷ்டம். பெட்டியடியில் கை வைத்தால் திரும்பிப் பார்க்கும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் பங்குதாரர்களும் கொடுத்த நெருக்கடியில் பெப்சி நிறுவனம் 1997இல் பர்மாவை விட்டு வெளியேறியது. பர்மாவில் தொழில் செய்யும் கம்பெனிகளிடம் பொருள் வாங்குவதைத் தடுக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 1996இல் சட்டமே போட்டது. அதை 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2003 தாக்குதலுக்குப் பிறகு பர்மியப் பொருள்களை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை போட்டது. அதன் அடி முதலில் ஜெனரல்கள் மேல் விழவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கிராமத்திலிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் வேலை இழந்தார்கள். தடை என்றால் நல்லது என்று கண்ணை மூடிச் சொல்ல என்னால் முடியாது. யாருடைய பெட்டியைப் பூட்டுகிறோம் என்று பார்த்துப் பூட்ட வேண்டும்.

2021க்குப் பிறகு அதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்சியைப் பிடித்த சில நாளில் நியூயார்க்கில் இருந்த தம் நாட்டுக் கையிருப்பிலிருந்து சுமார் 100 கோடி டாலரை எடுக்க ராணுவம் முயன்றது. அமெரிக்கா அதை முடக்கியது. டோட்டல், செவ்ரான் எண்ணெய் நிறுவனங்கள் 2022 ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்தன. அடுத்த மாதம் ஐரோப்பிய ஒன்றியம், ராணுவத்துக்கு அந்நியச் செலாவணி கொட்டும் அரசு எண்ணெய்-எரிவாயு நிறுவனத்தின் மீதே தடை போட்டது. நம் நாட்டு அதானி துறைமுக நிறுவனமும் யாங்கூனில் கட்டிக்கொண்டிருந்த முனையத்தை 2023இல் 3 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வந்தது. கணக்குப்பிள்ளை பார்க்கிற மாதிரி, பணம் எந்த வழியில் எந்தக் கைக்குப் போகிறது என்று வரி வரியாகப் பார்க்கும் வேலை இது. பர்மிய இளைஞர்களே வெளிநாடுகளில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். மேடைப் பேச்சைவிட எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

இந்தியா என்ன செய்தது? 1946இலேயே, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, நிறவெறி அரசோடு வியாபாரம் கிடையாது என்று தென்னாப்பிரிக்காவுக்குத் தடை போட்ட நாடு இது. நம் பாஸ்போர்ட்டில் தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்று அச்சடித்திருந்த காலம் உண்டு. மண்டேலாவுக்கு அப்படி நின்ற இந்தியா, 1988இல் பர்மிய மாணவர்களுக்கும் துணை நின்றது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு அவர்களுடைய குரலானது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தம் டெல்லி வீட்டிலேயே அந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்தார். 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருது சூச்சிக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே சமயத்தில் வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள், சீனாவின் செல்வாக்கு, எரிவாயு என்று கணக்குகள் மாறி, டெல்லி ஜெனரல்களோடு கைகுலுக்கத் தொடங்கியது. 2012 நவம்பர் 14 அன்று டெல்லியில் நேரு நினைவுச் சொற்பொழிவாற்ற வந்த சூச்சி, தாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட நாள்களில் இந்தியா விலகிப் போனது தமக்கு வருத்தம் தந்தது என்று சபையிலேயே சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அண்ணன் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

2015 தேர்தலில் வென்று, 2016இல் அரசின் ஆலோசகர் என்ற பதவியில் சூச்சி நாட்டை நடத்தத் தொடங்கினார். 2017 ஆகஸ்டில் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம்களின் ஊர்களை எரித்தது. கொலையும் பாலியல் வன்முறையும் நடந்தன. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். சூச்சி அதைக் கண்டிக்கவில்லை. 2019 டிசம்பரில் ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்கு நேரில் போய், இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டை மறுத்துத் தம் நாட்டுக்காக வாதாடினார். ஆக்ஸ்போர்டு நகரம் கொடுத்த கௌரவத்தைத் திரும்பப் பெற்றது. மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி தன் விருதைத் திரும்பப் பெற்றது. கனடா கௌரவக் குடியுரிமையை ரத்து செய்தது. அவர் விடுதலைக்காக அலைந்த டெஸ்மண்ட் டூட்டு, உன் பதவிக்கு விலை உன் மௌனம்தான் என்றால் அந்த விலை அதிகம் என்ற பொருளில் வேதனையோடு கடிதம் எழுதினார்.

இந்தச் செய்திகளைத் தமிழர்கள் இன்னும் கவனமாகப் படித்திருக்க வேண்டும் என்பேன். ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பிருந்தே பர்மாவில் குடியிருந்த இனங்கள் மட்டுமே முழுக் குடிமக்கள் என்பது அதன் அடிப்படை. நம் ஆட்கள் போனது அதற்குப் பிறகு. பெகுவிலும் மௌல்மேன் பக்கத்திலும் யாங்கூனிலும் இன்றும் இருக்கிற தமிழர்களில் பலரை இரண்டாம் தரக் குடிகளாக நிறுத்தியதும் அதே சட்டம்தான். ரோஹிங்கியாக்கள் துரத்தப்பட்டபோது அது வேறு யாருடைய விவகாரமோ என்று நாம் இருந்துவிட்டோம்.

அப்படியானால் அவருக்காக ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? விருதும் உரிமையும் ஒன்றல்ல என்பதால். விருது, ஒருவர் நல்லவர் என்று நாம் கொடுப்பது. தவறு செய்தால் திரும்ப வாங்கலாம், ஆம்னஸ்டி வாங்கியது சரி. ஆனால் பொய் வழக்கில் சிறை வைக்கப்படாமல் இருப்பது அவர் நல்லவராக இருப்பதற்குக் கிடைக்கும் கூலி அல்ல. 2020 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி 476 இடங்களில் 396 இடங்களை வென்றது. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில், புதிய பாராளுமன்றம் கூடவிருந்த அன்றைக்கே, ராணுவம் அவரையும் ஜனாதிபதி வின் மியின்ட்டையும் பிடித்தது. முதல் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? உரிமமில்லாமல் வாக்கி-டாக்கி வைத்திருந்தார் என்பது. மூடிய அறை விசாரணைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக 33 ஆண்டுகள் தண்டனை கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் 6 ஆண்டுகளைக் குறைத்து 27 ஆக்கினார்கள். 1945இல் பிறந்தவருக்கு 27 ஆண்டுகள். அவர் ரோஹிங்கியாக்களுக்குச் செய்த துரோகத்துக்காக விசாரிக்கப்பட வேண்டுமென்றால், நேர்மையான ஒரு நீதிமன்றம் விசாரிக்கட்டும். அந்த ஊர்களை எரித்த ராணுவமே அவருக்கு நீதிபதியாக உட்காருவதை ஒப்புக்கொள்ள முடியாது.

2021இல் தெருவுக்கு வந்த பர்மிய இளைஞர்கள் இதை நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். முதல் நாள்களில் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டிபானைகளைத் தட்டினார்கள். வீட்டுக்குள் வந்த துஷ்ட ஆவியை விரட்ட அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். தாய்லாந்திலிருந்து மூன்று விரல் வணக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹாங்காங், தைவான், தாய்லாந்து இளைஞர்களோடு பால் தேநீர்க் கூட்டணி என்ற பேரில் சேர்ந்தார்கள். அந்த ஊர்களிலெல்லாம் தேநீரில் பால் விட்டுக் குடிப்பார்கள், பேருக்குக் காரணம் அதுதான். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச் சபையில் அந்த நாட்டுத் தூதர் சாவ் மோ துன், தம் பேச்சின் முடிவில் அந்த மூன்று விரலைத் தூக்கினார். ராணுவம் அவரை நீக்கியது. ஆனால் ராணுவம் அனுப்பிய ஆளை ஐ.நா. ஏற்காமல் முடிவைத் தள்ளிக்கொண்டே வந்தது, நாற்காலி அவரிடமே இருந்தது. கூடவே ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டும் அந்த இளைஞர்களில் பலர் எழுதினார்கள். ராணுவத்தின் துப்பாக்கி தம் பக்கம் திரும்பிய பிறகுதான் அது புரிந்தது என்று ஒத்துக்கொண்டார்கள்.

நாடுகள் அளவில் நடந்தது அரைகுறைதான். 2021 ஜூன் 18 அன்று ஆயுதம் விற்காதீர்கள், கைதிகளை விடுங்கள் என்ற பொதுச் சபைத் தீர்மானத்துக்கு 119 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது பெலாரஸ் மட்டும். வாக்களிக்காமல் ஒதுங்கிய 36 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2022 டிசம்பர் 21 அன்று பாதுகாப்புச் சபையில் 2669ஆம் எண் தீர்மானம் சூச்சியையும் வின் மியின்ட்டையும் பேர் சொல்லி விடுவிக்கக் கேட்டது. 12 நாடுகள் ஆதரித்தன. சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றும் ஒதுங்கின. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலையில், முன்னாள் எம்.பி. பியோ சேயா தாவ், 1988 மாணவர் தலைவர் கோ ஜிம்மி உட்பட நால்வரை ராணுவம் தூக்கிலிட்டது. அதையும் உலகம் கெஞ்சித்தான் பார்த்தது. அங்கே குரல் பலிக்கவில்லை. அதை மறைத்துவிட்டுப் பலித்த இடங்களை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அரசுக்குத் தெரியாதது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பர்மாவிலிருந்து எல்லையைத் தாண்டி ஓடிவந்த சின் இன மக்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி டெல்லியிலிருந்து உத்தரவு வந்தபோது, அவர்கள் எங்கள் ரத்தம் என்று சொல்லி மிசோரம் மறுத்தது. 30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தச் சின்ன மாநிலம் சர்ச்சுகளிலும் வீடுகளிலும் இடம் கொடுத்தது. சர்வதேச ஆதரவு என்ற பெரிய பேச்சுக்கு அருகில் இருக்கிற ஆதாரம் எனக்கு அதுதான்.

சூச்சியைப் பொறுத்தவரை, அவரை வெளியார் பார்த்ததே அபூர்வம். 2023 ஜூலையில் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் ஒருமுறை பார்த்தார். 2024 ஏப்ரலில், வெயில் கடுமையாக இருப்பதால் சிறையிலிருந்து மாற்றிவிட்டோம் என்றது ராணுவம். எங்கே என்று சொல்லவில்லை. 2025 ஜூன் 19 அவருடைய 80ஆவது பிறந்த நாள். அதற்காக இளைய மகன் கிம் எட்டு நாளில் 80 கிலோமீட்டர் ஓடினார், 80,000க்கும் மேற்பட்ட வாழ்த்துக் காணொலிகளைத் திரட்டினார். அம்மா அவற்றைப் பார்ப்பார் என்று அவர் நம்பவில்லை. மறந்துவிடவில்லை என்று பூட்டி வைத்தவர்களுக்குக் காட்டத்தான் அது. அந்த வருஷ டிசம்பரில், 2023இலேயே கலைக்கப்பட்டுவிட்ட அவர் கட்சி இல்லாமல், ராணுவம் ஒரு தேர்தலைத் தொடங்கியது.

இன்யா ஏரிக்கரையில் இருக்கிறது, அவர் பல ஆண்டுகள் பூட்டப்பட்டுக் கிடந்த அந்த வீடு. சூச்சிக்கும் அவருடைய சொந்த அண்ணனுக்கும் இருந்த சொத்து வழக்கில் 2024 மார்ச்சில் கோர்ட் அதை ஏலத்துக்குக் கொண்டு வந்தது. வாசலில் மணியடித்து ஏலம் கூறினார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை. பிறகும் சில முறை ஏலம் போட்டார்கள், அப்போதும் வரவில்லை. பர்மாத் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை பேசி விற்கிற நமக்கு, அந்த வாசலில் யாரும் கை தூக்காமல் நின்றதன் கனம் தெரிய வேண்டும்.

இதில் பாதியைத்தான் அன்றைக்கு முகப்பில் வைத்து அண்ணனிடம் சொல்ல முடிந்தது. பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. "சரி தம்பி, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். இரண்டாம் கட்டு அறையில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய அடமானப் பத்திரம். ஓரத்தில் நம் ஏஜெண்டின் தமிழ்க் கையெழுத்து. மற்றதெல்லாம் வட்ட வட்டமான பர்மிய எழுத்து. அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. "எழுதிக் கொடுத்தது யாருன்னு பேராச்சும் படிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்காகளா?" என்று கேட்டார்.

பர்மா காலனியில், ஐந்தாம் வகுப்பு வரை ரங்கூனில் படித்த ஒரு அம்மா இருக்கிறார். மறுநாள் அண்ணனும் நானும் போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போன் திரையைப் பெரிதாக்கினார். ஏக்கர் கணக்கு படித்தார். ஊர்ப் பேர் படித்தார். ரேகைக்குப் பக்கத்தில் இருந்த வரிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"டோன்னு ஆரம்பிக்குதுங்க. பொம்பளைப் பேரு" என்றார்.